கமாண்டர் ஆட்டத்தில் எப்போது தடுப்பது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை இருவர் ஆட்டமாகப் பழகிவிட்டு, அதையே நால்வர் ஆடும் வகையான கமாண்டருக்கு வருபவர்களுக்குத் தாக்கத் தெரியும். கார்டுகளின் விதிகளும் தெரியும். ஆனாலும் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். கையில் தடுக்கிற கார்டு இருந்திருக்கும், அதைத் தவறான நேரத்தில் செலவழித்திருப்பார்கள், அல்லது செலவழிக்காமலே போயிருப்பார்கள். நானும் அப்படித்தான் வெகுநாள் தோற்றேன். எங்கே பிசகுகிறது என்று ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் எழுதிவைக்கத் தொடங்கிய பின்தான் சில தோல்விகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது புரிந்தது. அவற்றைத்தான் இங்கே அறிகுறிகளாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் கடைசி ஐந்தாறு ஆட்டங்களை நினைத்துப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். அதற்கு முன்னால் இந்தக் கணக்கை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு

நான்கு பேர், ஆளுக்கு 100 கார்டு, ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளி. இருவர் ஆட்டத்தில் நான் ஒரு கார்டைக் கொடுத்து எதிராளியின் ஒரு கார்டை அழித்தால் கணக்கு நேர். நால்வர் மேசையில் அதே காரியத்தைச் செய்தால் எனக்கு ஒன்று குறைகிறது, அவருக்கு ஒன்று குறைகிறது, மற்ற இருவருக்கு எதுவும் குறையவில்லை. அதாவது நாங்கள் இருவரும் சேர்ந்து அவர்களை முன்னே தள்ளிவிட்டோம். ஒன்றுக்கு ஒன்று என்ற தடுப்பு இங்கே எப்போதுமே கொஞ்சம் நஷ்ட வியாபாரம்.

அதற்காகத் தடுக்காமல் இருக்க முடியாது. செலவு செய்யும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். இதை விட்டால் நான் ஆட்டத்தையே இழப்பேனா? இதனால் மற்ற இருவரையும்விட எனக்கு அதிக அடி விழுமா? இரண்டுக்கும் "இல்லை" என்பதே பதில் என்றால் கார்டு கையிலேயே இருக்கட்டும்.

அறிகுறி: பெரிய ஆபத்து வரும்போது கையில் ரிமூவல் (எதிராளியின் கார்டை அகற்றும் கார்டு) இல்லை

இதுதான் மிகப் பரவலானது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஸ்வோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் என்ற கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வெள்ளை மானா (கார்டைப் போடக் கட்டும் விலை, லேண்டு கார்டுகள் தருவது), இன்ஸ்டன்ட் (யாருடைய முறையிலும் போடலாம்), எந்தக் கிரியேச்சரையும் (சண்டையிடும் உயிரினக் கார்டு) ஆட்டத்தைவிட்டே வெளியேற்றிவிடும். இவ்வளவு மலிவாக, இவ்வளவு உறுதியாக இருப்பதால்தான் கை அரிக்கிறது. நான்காவது முறையில் (ஒருவர் ஆடும் வாய்ப்புக்குத்தான் முறை என்று பெயர்) ஒருவர் 5/5 கிரியேச்சர் (அடிக்கும் வலு 5, தாங்கும் திறன் 5) ஒன்றை இறக்கினார், இரண்டு தடவை என்னை அடித்தது, எரிச்சலில் அதை வெளியேற்றினேன். அவருக்கு 5 உயிர்ப்புள்ளி ஏறியது. எனக்கு அப்போது 30 இருந்தது, ஒரு ஆபத்தும் இல்லை. எட்டாவது முறையில் இன்னொருவர் 8/8 பறக்கும் கிரியேச்சரை இறக்கியபோது என் கையில் லேண்டுகள் மட்டும்தான் இருந்தன.

அந்த 5/5 என்னை மட்டுமே அடித்துக்கொண்டிருந்தாலும் 40 புள்ளியைத் தீர்க்க எட்டு அடி வேண்டும். அதுவும் என்னையே அடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, மேசையில் இன்னும் இருவர் இருக்கிறார்கள். அடி வாங்கி உயிர்ப்புள்ளியை இழப்பது ஒரு கார்டை இழப்பதைவிட மலிவாக இருக்கும் நேரம் ஆட்டத்தின் முதல் பாதி முழுவதும் நீடிக்கிறது.

எதைக் கண்டால் செலவு செய்யலாம்? அளவைப் பார்க்காதீர்கள், வளர்ச்சியைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கார்டு கொடுக்கிறதா, மானா கொடுக்கிறதா, மற்ற கிரியேச்சர்களைப் பெருக்குகிறதா? அது 1/1 ஆக இருந்தாலும், வெறும் தசையாக நிற்கிற 6/6-ஐவிட மோசம்.

வளர்கிற எல்லாவற்றுக்கும் கார்டுதான் பதில் என்றும் இல்லை. ரிஸ்டிக் ஸ்டடி என்ற கார்டு மேசைக்கு வந்தால், மற்றவர்கள் மந்திரம் போடும்போதெல்லாம் கூடுதலாக 1 மானா கட்டாவிட்டால் அதன் உரிமையாளர் ஒரு கார்டு எடுக்கலாம். மூன்று பேரும் பிடிவாதமாக அந்த ஒரு மானாவைக் கட்டினால் அவருக்கு ஒரு கார்டும் கிடைக்காது. அதுவும் தடுப்புதான், யாருடைய கையிலிருந்தும் ஒரு கார்டும் போகவில்லை. ஒருவர் மட்டும் "பரவாயில்லை, எடுத்துக்கோங்க" என்று விட்டுவிடும்போதுதான் அது எல்லோரையும் மூழ்கடிக்கிறது.

அப்புறம், நேரம். கிரியேச்சர் இறங்கியதும் அழிப்பது பழக்கதோஷம். அது உங்களை நோக்கித் தாக்குதலாக அறிவிக்கப்படும் வரை பொறுங்கள். அது வேறொருவரை நோக்கிப் போனால் உங்கள் கார்டு மிச்சம், அவருடைய உயிர்ப்புள்ளியும் குறைகிறது, இரண்டும் உங்களுக்கு லாபம். உங்களை நோக்கி வந்தால் அப்போது அழியுங்கள். எதிராளி அந்தத் தாக்குதலை நம்பித் தன் மற்ற கிரியேச்சர்களையும் டேப் செய்திருப்பார் (பயன்படுத்தியதன் அடையாளமாகக் கார்டைச் சாய்த்துவைப்பதுதான் டேப்).

இந்தப் பொறுமை எடுபடாத மூன்று இடங்கள் உண்டு. டேப் செய்து திறனைப் பயன்படுத்துகிற கிரியேச்சரை, அதன் உரிமையாளரின் அடுத்த முறை வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். இறங்கிய முறையில் அதனால் டேப் செய்ய முடியாது என்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். தாக்கும்போதே ஏதாவது நடக்கும் என்று எழுதியிருக்கிற கிரியேச்சரைத் தாக்குதல் அறிவிப்புக்கு முன்பு, போர்க் கட்டத்தின் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டும். மூன்றாவது, லைட்னிங் க்ரீவ்ஸ் என்ற, கிரியேச்சருக்கு மாட்டும் கருவிக் கார்டு மேசையில் இருக்கும்போது. அதை மாட்ட மானா எதுவும் தேவையில்லை. மாட்டிவிட்டால் அந்தக் கிரியேச்சரை யாரும் குறிவைக்க முடியாது, இறங்கிய முறையிலேயே டேப் செய்யவும் தாக்கவும் முடியும். ஆகவே மாட்டுகிற திறனை அவர் அறிவித்தவுடன், அது முடிவதற்குள் பதிலாக உங்கள் கார்டைப் போட வேண்டும். அந்த நொடி தவறினால் அப்புறம் வாய்ப்பு எளிதில் வராது.

எதிராளியின் கமாண்டர்மேல் (ஆட்டத்துக்கே பெயர் தந்த, ஆளுக்கொன்றான தலைமைக் கார்டு) ரிமூவல் போடுவது தனிக்கதை. அது தனக்கென ஒதுக்கிய இடமான கமாண்ட் ஸோனுக்குத் திரும்பும், அடுத்த முறை அங்கிருந்து போட 2 மானா கூடுதல், அதற்கடுத்து மேலும் 2. ஆக, 6 மானா கமாண்டரை ஒரு தடவை திருப்பி அனுப்பினால் 8 ஆகிறது, அவருக்கு உண்மையான வலி. 2 மானா கமாண்டரை அனுப்பினால் 4 ஆகிறது, அடுத்த முறையே மறுபடி வந்து உட்காரும். மலிவான கமாண்டர்மேல் ஒற்றை ரிமூவல்களைக் கொட்டுவதை நான் அறவே விட்டுவிட்டேன்.

அறிகுறி: கையில் தடுப்புக் கார்டுகளை வைத்துக்கொண்டே தோற்கிறீர்கள்

மேலே சொன்னதை அளவுக்கு மீறிக் கடைப்பிடித்தால் இங்கே வந்து நிற்பீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது மானா. தோற்ற அந்த நொடியில் டேப் ஆகாத லேண்டு எத்தனை இருந்தது? பெரும்பாலும் ஒன்றுகூட இருந்திருக்காது. சொந்த முறையில் கையில் இருந்ததையெல்லாம் போட்டு மானாவைத் தீர்த்திருப்பீர்கள், எதிராளியின் மந்திரத்தை ரத்து செய்யும் கவுண்டர்ஸ்பெல் கையில் வெறும் காகிதமாக இருந்திருக்கும். ஐந்தாறு முறைகள் கடந்தபின் நான் வைத்திருக்கும் பழக்கம் இது: நான் இப்போது போடப்போகும் கார்டு அடுத்த சுற்றில் மேசையின் போக்கை மாற்றாது என்றால் அதைப் போடாமல் மானாவை விட்டுவைப்பேன். பாதுகாப்புக் கார்டுகளான ஹீரோயிக் இன்டர்வென்ஷனுக்கு 2, டெஃபெரீஸ் ப்ரொடெக்‌ஷனுக்கு 3. நிமிர்ந்து நிற்கும் லேண்டுகளே ஒரு வேலி. உங்களிடம் நீல லேண்டு இரண்டு திறந்திருந்தால், கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், எதிரே இருப்பவர் ஒருமுறை யோசிப்பார்.

மானா இருந்தும் போடாமல் தோற்றால் பிரச்சினை நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கலாம். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒருவர் ஆட்டத்தை முடிக்கிற மந்திரத்தைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில் சொல்லும் வாய்ப்பு அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவரிலிருந்து முறைப்படி சுற்றி வருகிறது. அடுத்து இருப்பவர் "பின்னால் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று விடலாம். நடுவில் இருப்பவரும் விடலாம். கடைசி இடத்தில் இருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. வரிசையாக எல்லோரும் விட்டுவிட்டால் மந்திரம் நிறைவேறிவிடும், இரண்டாவது வாய்ப்பு வராது. இடையில் யாராவது பதில் போட்டால்தான் சுற்று மறுபடி தொடங்கும்.

ஆகவே கடைசி இடம் என்றால் தயங்காமல் போடுங்கள், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் எழுதியிருக்கிறது. முதல் இடம் என்றால் வாய்விட்டுக் கேளுங்கள்: "யாரிடமாவது இதற்குப் பதில் இருக்கிறதா?" கேட்பதில் தவறே இல்லை, பேச்சும் இந்த ஆட்டத்தின் ஒரு பகுதி. ஒருவர் தலையசைத்தால் விடுங்கள். இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கினால் போட்டுவிடுங்கள். முடிகிற ஆட்டத்தில் மிச்சம் பிடித்த கார்டுக்கு மதிப்பில்லை.

அறிகுறி: 35 உயிர்ப்புள்ளி இருக்கிறது, கிரியேச்சர்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன

வருகிற ஒவ்வொரு தாக்குதலையும் தடுக்கிறீர்கள். 40 புள்ளி என்பது செலவழிக்கத்தான். 38-ல் இருக்கும்போது 4 அடியைத் தவிர்க்க ஒரு கிரியேச்சரைப் பலி கொடுப்பது, மழைத்தூறலுக்குக் கூரையைப் பிரித்துக் குடை செய்வது மாதிரி. என் கிரியேச்சர் பிழைத்து அவருடையது சாகும் என்றால் தடுப்பேன், இரண்டும் சாகும் என்றால் அது என்ன கிரியேச்சர் என்று பார்ப்பேன், என்னுடையது மட்டும் சாகும் என்றால் அடியை வாங்கிக்கொள்வேன்.

உயிர்ப்புள்ளி ஏமாற்றுகிற இடங்கள் சில உண்டு. ஒரே கமாண்டர் உங்களுக்குப் போரில் மொத்தம் 21 அடி கொடுத்தால், உங்களிடம் 60 புள்ளி இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. 7 வலுவுள்ள கமாண்டருக்கு மூன்றே அடி போதும். இடையில் ஒரு தடவை வலுவை இரட்டிப்பாக்கினால் இரண்டே அடி. இதை உயிர்ப்புள்ளிக்குப் பக்கத்தில் தனியாக, ஒவ்வொரு கமாண்டருக்கும் ஒரு எண்ணாகக் குறித்துவையுங்கள். முதல் அடியை வாங்கலாம், இரண்டாவதிலிருந்து அந்தக் கமாண்டருக்கு எதிரே ஒரு ஆள் நிற்க வேண்டும். விஷக் கவுண்டரும் (சில கார்டுகள் உங்கள்மேல் ஏற்றும் விஷக் குறி) அப்படித்தான். கமாண்டரிலும் தோற்க 10 போதும், 40 புள்ளி இருக்கிறதே என்பதற்காக அந்த எண் ஏறவில்லை. அடி பட்டால் கார்டு எடுக்கலாம் என்று எழுதியிருக்கும் கிரியேச்சர்கள் இன்னொரு வகை. அவற்றின் 1 அடி உங்களைக் கொல்லாது, ஆனால் எதிராளியின் கையை நிரப்பும்.

பலி கொடுத்துத் தடுக்க முடிவு செய்தால், தாக்க வருவதற்கு ட்ராம்பிள் (தடுத்ததைக் கொன்றதுபோக மிச்ச அடி உங்கள்மேல் விழும் திறன்) இருக்கிறதா என்று பாருங்கள். 7/7 ட்ராம்பிளுக்கு எதிரே 1/1 நின்றால் 6 அடி உள்ளே வரும், கிரியேச்சரும் போகும். ட்ராம்பிள் இல்லை என்றால் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒருமுறை தடுக்கப்பட்ட கிரியேச்சர், தடுத்தவர் அதற்குப்பின் காணாமல் போனாலும் தடுக்கப்பட்டதாகவே இருக்கும், உங்கள்மேல் அடி விழாது. எனவே தடுப்பை அறிவித்துவிட்டு, அந்தக் கிரியேச்சரையே தியாகம் செய்து கார்டோ மானாவோ வாங்கிக்கொள்ளலாம். எப்படியும் சாகப்போகிறது, சும்மா ஏன் சாக வேண்டும்?

அறிகுறி: நீங்கள் தாக்கிய அடுத்த முறையே திருப்பி அடி விழுகிறது

தாக்கிய கிரியேச்சர் டேப் ஆகிவிடும், டேப் ஆனது தடுக்காது, உங்கள் அடுத்த முறை வரும்வரை நிமிராது. இருவர் ஆட்டத்தில் இது ஒருவருடைய முறைக்கு மட்டும் திறந்த கதவு. இங்கே மூன்று பேருடைய முறைகளுக்கும் திறந்தே கிடக்கும்.

தாக்கும் முன் மூன்று பேரிடமும் இருப்பதை எண்ணுங்கள். மூவரும் சேர்ந்து அடிப்பார்கள் என்று பயப்படத் தேவையில்லை, யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர் ஒருவரைத் தாங்க முடியுமா என்று பார்த்தால் போதும். வீட்டில் விட்டுப்போக உகந்த காவலாள் டெத்டச் உள்ள சின்னக் கிரியேச்சர். 1/1 ஆனாலும் 10/10-ஐக் கொன்றுவிடும் என்பதால் பெரிய கிரியேச்சர் வைத்திருப்பவர் வேறு வீட்டைத் தேடுவார். விஜிலன்ஸ் இருந்தால் தாக்கினாலும் டேப் ஆகாது, அதை அனுப்பலாம். கையில் புதிய கிரியேச்சர் இருந்தால் போர் முடிந்தபின் இறக்குங்கள். இறங்கிய முறையில் தாக்க முடியாதே தவிர, தடுக்கத் தடையில்லை. இது தெரியாமல் "இன்னும் தயாராகவில்லை" என்று அதைத் தடுப்புக்கு நிறுத்தாமல் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: எல்லோரும் முதலில் உங்களிடமே வருகிறார்கள்

உங்கள் முன்னால் எதுவுமே இல்லை, அல்லது எல்லாமே இருக்கிறது. முதலாவது என்றால் மருந்து சுலபம்.

ப்ராபகாண்டா, கோஸ்ட்லி பிரிசன் என்ற கார்டுகள் ஒவ்வொன்றும் 3 மானா. இவற்றில் ஒன்று இருந்தால், உங்களைத் தாக்க விரும்புபவர் ஒவ்வொரு கிரியேச்சருக்கும் 2 மானா கட்ட வேண்டும். தாக்குதலை இவை நிறுத்துவதில்லை, பக்கத்து வீட்டுக்குத் திருப்பிவிடுகின்றன. மேலே சொன்ன கணக்கு இங்கே தலைகீழாகிறது: ஒரே கார்டு மூன்று பேருக்கு எதிராக ஒவ்வொரு சுற்றிலும் வேலை செய்கிறது, செலவு முழுவதும் அவர்களுடையது. நால்வர் மேசைக்கென்றே செய்தது போன்ற தடுப்பு இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மேஸ் ஆஃப் இத் என்ற லேண்டும் இந்தக் குடும்பம். அது மானா தராது, ஆனால் தாக்க வந்த ஒரு கிரியேச்சரை நிமிர்த்தி அதன் போர் அடியை இல்லாமல் செய்துவிடும். நடைமுறையில் அதைப் பயன்படுத்த வேண்டிய நிலையே பெரும்பாலும் வராது, அது மேசையில் இருப்பதைப் பார்த்தே ஒற்றைப் பெரிய கிரியேச்சர் வைத்திருப்பவர் திசை மாறிவிடுவார்.

ஃபாக் மாதிரிக் கார்டுகள் வேறு. 1 மானாவுக்கு அந்த முறையின் போர் அடி முழுவதும் ரத்து. சாவைத் தள்ளிப்போட மட்டுமே அதை வைத்திருங்கள்.

எல்லாமே இருப்பதால் வருகிறார்கள் என்றால் அது தடுப்பின் குறை அல்ல. மேசையில் முதலாவதாகத் தெரிவதைவிட இரண்டாவதாகத் தெரிவது நல்லது. கையில் இருப்பதை ஒரு முறை தாமதித்து இறக்கிப் பாருங்கள்.

அறிகுறி: போர்டு வைப் (மேசையையே துடைத்தெடுக்கும் கார்டு) வந்தால் உங்களுக்குத்தான் அதிக நஷ்டம்

ராத் ஆஃப் காட் 4 மானா, எல்லாக் கிரியேச்சர்களும் காலி. 1993-ல் வந்த முதல் தொகுப்பிலிருந்தே இருக்கிறது, இதன் தம்பிகள் ஏராளம். மேசையில் ஏற்கெனவே நீங்கள் முன்னிலையில் இருக்கும்போது மேலும் இரண்டை இறக்காதீர்கள், அவை கையிலேயே காப்பாக இருக்கட்டும். நீங்களே போடுபவர் என்றால், மற்றவர்களின் லேண்டு அல்லாத எல்லாவற்றையும் கைக்கே திருப்பி அனுப்பும் சைக்லானிக் ரிஃப்டை 7 மானாவுக்கு, உங்களுக்கு முந்தைய ஆளின் முறை முடியும் தருவாயில் போடுங்கள். மற்றவர்கள் மறுபடி எதையும் இறக்குவதற்குள் உங்கள் முறை வந்துவிடும்.

அறிகுறி: பக்கத்தில் இருப்பவர் சொன்னார், தடுத்தீர்கள், அவரே ஜெயித்தார்

"இதை நீங்க எடுக்கலன்னா எல்லாரும் போச்சு" என்ற குரலுக்கு மதிப்புக் கொடுங்கள், கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: உங்களிடம் பதில் இல்லையா? அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் விலை பேசுங்கள். அடுத்த இரண்டு முறை என்னைத் தாக்கக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு கார்டைப் போடுங்கள். அவர் மறுத்தால், அந்த ஆபத்து உங்களைவிட அவரைத்தான் அதிகம் நெருக்குகிறது என்று அர்த்தம். அப்போது பொறுத்திருக்கலாம், அவருடைய கையிலிருந்து பதில் வெளியே வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: கடைசி இருவரில் ஒருவராக வந்து, அங்கே தோற்கிறீர்கள்

நால்வர் கணக்கையே இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். வேடிக்கை பார்க்க யாரும் இல்லை, ஒன்றுக்கு ஒன்று என்பது இப்போது நேர் வியாபாரம். பக்கத்து வீட்டுக்குத் திருப்பிவிட வீடே இல்லை என்பதால் வருகிற தாக்குதல் எல்லாம் உங்களுக்குத்தான். உயிர்ப்புள்ளியும் முன்பு மாதிரி மிச்சமிருக்காது. இந்த இடத்துக்கு வந்துவிட்டால், எட்டு முறைகளாகக் கையில் காத்திருந்த ஸ்வோர்ட்ஸை எதிராளி இறக்கும் முதல் உருப்படியான கிரியேச்சர்மேலேயே போடுங்கள்.